றிஸ்வானா காட்டிய பக்கம்

கடிதம் என்றால் முதல் வரியில் அன்பைப் போடவேண்டும். இன்று என்னிடம் கோபம்தான் கைவசம் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ மெல்பேர்னுக்குப் போகிறாய். உன் அப்பா முன்னறையில் உன் சூட்கேஸைத் தராசில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறார். மிளகாய்த்தூளை எடுத்தால் ஊறுகாயை வைக்கலாமா என்பதுதான் அவருடைய இன்றைய கவலை. நான் சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறேன். நீ உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாய். வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் தாய்க்கும் மகனுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? வாயால் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமையிலிருந்து மூன்று தரம் சொல்லியும் பார்த்தேன். மூன்று தரமும் என் முதல் வசனம் முடியும் முன்பே “விளங்குது அம்மா” என்று எழும்பிப் போனாய். உனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபத்தொன்பது வயதிலும் காலையில் நான் வந்து தட்டி எழுப்பினால்தான் எழும்புகிற ஒருவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக ஒரு நினைப்பு மட்டும் இருக்கிறது.

நடந்ததை நானே உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீ ஊருக்குச் சொன்ன கதை வேறு. நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த கப்பல் முகவர் அலுவலகத்தில், நான் பராமரித்த பழைய யுனிக்ஸ் மெஷினிலிருந்து எல்லாவற்றையும் புதிய மெஷினுக்கு மாற்றும் வேலையை உனக்கு வாங்கித் தந்ததே நான்தான். ஆறு மாத ஒப்பந்தம். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் றிஸ்வானாவோடு சேர்ந்து வேலை செய் என்று சொல்லித்தான் அனுப்பினேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அச்சடிக்கும் புரோகிராம் இறுகி நின்றுவிட்டது. துறைமுகத்திலிருந்து சரக்கை எடுக்கும் உத்தரவுகள் அச்சாகவில்லை. கீழே லொறிக்காரர்கள் சத்தம் போடத் தொடங்கிவிட்டார்கள். நீ உன் லப்டொப்பைத் திறந்து, அதில் இருக்கும் லினக்ஸின் மனுவல் பக்கத்தைப் பார்த்தாய். “கில்ஓல்” என்று அடித்து, பக்கத்தில் புரோகிராமின் பெயரையும் போட்டால் அந்தப் புரோகிராம் மட்டும் நிற்கும் என்று அதில் இருந்தது. அது உன் லப்டொப்புக்கு உண்மை. பக்கத்தில் நின்ற றிஸ்வானா, இந்த மெஷினுக்கு வேறு பக்கம் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று நான் எழுதி வைத்த மனுவல் ஃபைலை விரித்துக் காட்டினாள். வாசிக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டு அடித்தாய். அந்தப் பழைய மெஷினில் அதே கட்டளை, மெஷினை மூடும்போது ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்துவதற்கென்று வைத்தது. அச்சு நின்றது. கூடவே மூன்று மாடியிலும் இருந்த எல்லாத் திரைகளும் நின்றன. பாதி எழுதியபடி இருந்த பதிவுகள் உடைந்தன. அலுவலகம் முழுக்க இரண்டு நாள் இருந்து திரும்ப அடித்தது.

இதற்காக நான் உன்னை ஏசவில்லை. அந்தக் கட்டளையை அந்த மாதிரி மெஷினில் அடித்து வாங்கிக் கட்டியவர்கள் உலகத்தில் ஏராளம், நீ ஒன்றும் முதல் ஆள் இல்லை. எனக்கு வயிறு எரிவது அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டு. மனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது, றிஸ்வானா தந்த கட்டளையைத்தான் அடித்தேன், அது அவர்களுடைய பழைய ஃபைலில் இருந்தது, ஃபைலே பிழை என்று சொன்னாய். அழகான ஆங்கிலத்தில் சொல்லியிருப்பாய். அந்தக் கட்டளை, நீ அடிப்பதை வாங்கிக் குறித்துக்கொள்ளும் உன் ஷெல்லையும் சேர்த்தே கொன்றுவிட்டதால், நீ என்ன அடித்தாய் என்ற பதிவுகூட மெஷினில் மிஞ்சவில்லை. அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்று நீ இன்னும் கேட்கவில்லை. போன ஞாயிறு நீ நண்பர்களோடு நுகேகொடைக்குக் குளிர்ச்சட்டை வாங்கப் போயிருந்தாய். றிஸ்வானா தெஹிவளையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை, நான்கு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பையிலிருந்து என் ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, இதுல நீங்க அப்பிடி எழுதி ஈக்கிறீங்களா? பத்துத் தரம் பாத்துட்டேன், எனக்குக் காணக் கெடைக்கல்ல. எழுதினவங்கட மகனே செல்லிட்டாராம், அப்ப நான் என்னத்த செல்ற?”

பத்துத் தரம் பார்த்திருக்கிறாள், மகனே. தன்மேல் பழி வந்த பிறகும், பிழை தன் கண்ணில்தான் இருக்குமோ என்று பயந்து பத்துத் தரம் பார்த்திருக்கிறாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். நானே எழுதி அச்சடித்தது. அச்சு இறுகினால், அந்தப் புரோகிராமின் இலக்கத்தைத் தேடி எடுத்து, அந்த இலக்கத்தை மட்டும் நிறுத்து. கடைசியில், எச்சரிக்கை என்ற தலைப்பின் கீழ், கில்ஓலை இந்த மெஷினில் ஒருபோதும் அடிக்காதே, மற்ற இடங்களில் அது நீ பெயர் சொன்னதை நிறுத்தும், இங்கே எல்லாவற்றையும் நிறுத்தும். இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது. அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று வீட்டில் இருத்தியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அந்த வீட்டில் சம்பளம் எடுப்பவள் அவள் ஒருத்திதான்.

அன்று இரவே உன்னை நான் கேட்டபோது நீ மறுக்கவில்லை, அந்த மட்டில் சரி. ஆனால் சொன்னாயே ஒரு பதில். “போற நேரத்தில என்ர பேர் கெடக்கூடாது அம்மா. அவ பழைய ஆள்தானே, ஏசிப்போட்டு விட்டிடுவினம்.” சொல்லிவிட்டு பிரிட்ஜைத் திறந்து தயிர் எடுத்தாய். அந்தத் தயிர்க் கோப்பையைப் பறித்து எறியவேண்டும்போல் இருந்தது. எறிந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது அப்பா ஒரு மேசை ஃபேன் வாங்கி வந்தார். உனக்குப் பன்னிரண்டு வயது. பெட்டிக்குள் இருந்த தாளைக் கசக்கி எறிந்துவிட்டு நீயே பூட்டினாய். முதலில் இலையைப் பூட்டிவிட்டாய், பிறகு பின்பக்க வலையை எப்படிப் போடுவது? கழற்றித் திரும்பப் பூட்டினாய். கடைசியில் மூன்று திருகாணி மிச்சம். ஃபேன் சுற்றியது, சுற்றும்போது ஒரு பக்கம் ஆடியது. நான் என்ன செய்தேன்? உன் சித்திக்குப் போன் எடுத்து, தாளைப் பார்க்காமலே பூட்டிவிட்டான் என்று பெருமை அடித்தேன். மிஞ்சிய திருகாணிகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த பெருநாளுக்கும் அதற்கடுத்த பிறந்தநாளுக்கும் வந்தவர்களிடம் அதே கதையைத்தான் சொன்னேன். பார்க்காமல் செய்பவன் கெட்டிக்காரன், பார்த்துச் செய்பவன் மண்டு என்று உன் தலையில் ஏற்றியதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு.

இத்தனைக்கும் நான் பார்த்துப் பார்த்தே பிழைத்தவள். நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்தது ரைப் அடிக்க. மெஷினைக் கொண்டு வந்து பூட்டிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒரு கிழமையில் போய்விட்டார். பதினெட்டுத் தடித்த புத்தகங்களை ஒரு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். பெரிய படிப்புப் படித்த ஆண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவரும் அந்த அலுமாரியைத் திறக்கவில்லை. நான் அதைப் பூட்டிய திறப்பைக் கேட்டு வாங்கினேன். ஒரு நேரத்துக்கு ஒரு புத்தகம், பஸ்ஸில் மடியில் வைத்து வாசிப்பேன். ஆங்கிலம் அரைகுறை. மனுவல் எழுதியவனுக்கு என்னை யாரென்று தெரியாது, என்னைச் சந்தோஷப்படுத்தும் எண்ணமும் அவனுக்கு இல்லை. ஆனால் நான் பெண், ரைப் அடிப்பவள், தமிழ் ஆள் என்று பார்த்து அவன் எதையும் மறைக்கவுமில்லை. எல்லாருக்கும் சொன்னதையே எனக்கும் சொன்னான். அந்த அலுவலகத்தில் அப்படி நடந்துகொண்ட ஒரே ஆள் அந்தப் புத்தகம்தான். இரண்டு வருடத்தில் மெஷின் அறைச் சாவி என் கைக்கு வந்தது.

ஆகவே, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மனுவலை நீ அடிக்கப்போகும் மெஷினிலேயே திறந்து பார். ஒரே பெயருள்ள கட்டளை ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு மாதிரி நடக்கும். பக்கத்தின் அடியில் அது எந்த மெஷினுக்கு எழுதப்பட்டது என்று போட்டிருப்பார்கள், அதை முதலில் பார். மேலே உள்ள அந்த ஒற்றை வரியில், எதை எழுதவேண்டும், எதை விடலாம் என்று காட்டியிருப்பார்கள். உன்னைப் போன்றவர்கள் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடாதே. கடைசிவரை இறங்கு. எச்சரிக்கை கடைசியில்தான் இருக்கும். அதற்கும் கீழே குறைகள் என்று ஒரு தலைப்பு இருக்கும், எழுதியவனே தன் வேலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லும் இடம். நான் என் பக்கங்களை எழுதியபோது அந்தத் தலைப்பை மட்டும் ஒன்றிலும் விடவில்லை. மெஷின் செத்துவிட்டால் அதற்குள் இருக்கும் மனுவலை வாசிக்க முடியாது என்றுதான் எல்லாவற்றையும் அச்சடித்து ஃபைலில் போட்டேன். எனக்குப் பித்தப்பை ஒப்பரேஷன் நடந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கிடந்தபோது றிஸ்வானா ஒரே ஒரு தரம்தான் போன் எடுத்தாள், அதுவும் சுகம் விசாரிக்க. எனக்கு முதலில் கொஞ்சம் மனவருத்தம். பிறகுதான் உறைத்தது, கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் எழுதி வைத்தது நான்தானே. நீ இப்போது கேட்டவுடன் பதில் சொல்லும் செயலிகளிடம் கேட்கிறாய். கேள், நானும் கேட்கிறேன். நீ எந்த மெஷினுக்கு முன்னால் இருக்கிறாய் என்பதை நீ சொன்னால்தானே அதற்குத் தெரியும்? பக்கத்தில் நின்ற றிஸ்வானாவுக்கு நீ சொல்லாமலே தெரியும்.

இனி என் சொந்தக் குறையையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உனக்கு எட்டு வயது. ஒரு சனிக்கிழமை, அப்பா வெளியூரில், உன்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ என் சுழல் கதிரையில் சுற்றிக்கொண்டிருந்தாய். தினமும் தானாக ஓடவேண்டிய வேலைகளின் பட்டியலைத் திருத்துவதற்காக “க்ரொன்டாப்” என்று அடித்தேன். பக்கத்தில் போடவேண்டியதைப் போட மறந்துவிட்டேன். மெஷின் பேசாமல் நின்றது. வெளியே வருவதற்காகக் கொன்ட்ரோலும் டியும் அடித்தேன். பட்டியல் முழுதும் அழிந்தது. இப்படி நடந்தால் டி அடிக்காதே, சி அடித்து வெளியே வா என்று அந்தக் கட்டளையின் பக்கத்தில் கடைசியில் அப்படியே எழுதியிருக்கிறது. நான் மேல் வரியோடு நிறுத்தியிருந்தேன், எட்டு வருட அனுபவம் இருக்கிறதே என்ற திமிர். ஞாபகத்தில் இருந்ததை வைத்துப் பட்டியலைத் திரும்ப எழுதினேன். ஒன்றை விட்டுவிட்டேன். அது பெக்கப், ஒவ்வொரு இரவும் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைக்கிற வேலை. மூன்று வாரம் கழித்து டிஸ்க் போனபோது, மூன்று வாரத்து வேலை எங்கேயும் இல்லை.

மனேஜர் வீட்டுக்குப் போன் எடுத்தார். அந்தச் சனிக்கிழமை கரண்ட் போய் வந்தது, அதில்தான் பட்டியல் அழிந்திருக்கும் என்று சொன்னேன். தரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த நீ தலையை நிமிர்த்தினாய்.

“இல்லையே அம்மா. அண்டைக்கு நானும் வந்தனான். லைட் எரிஞ்சுகொண்டெல்லோ இருந்தது.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு, வாயை மூடு என்று உன்னை அதட்டினேன். நீ மூடினாய். கட்டடத்தில் மின்சார வேலை பார்த்த மனிதர் அந்தக் கிழமை முழுக்க ஏச்சு வாங்கினார். நான் அவரைப் படிக்கட்டில் காணும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். பல வருடம் கழித்து, அந்த மனேஜர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, பெக்கப் பற்றிய என் பக்கத்தில், குறைகள் என்ற தலைப்பின் கீழ், அது கரண்ட் இல்லை, நான்தான் என்று பெயர் போட்டு எழுதினேன். அதில் ஒரு வீரமும் இல்லை. கேட்கவேண்டியவர் போன பிறகு சொன்னது. மின்சாரக்காரர் அதற்கு முன்பே செத்துப் போய்விட்டார். எட்டு வயதில் நீ சரியாகத்தான் பார்த்தாய், சரியாகத்தான் சொன்னாய். பழியை இன்னொருவர் தலையில் இறக்கிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று உனக்குக் காட்டிக் கொடுத்தவள் நான். அதற்காக உன்னை மன்னிப்பேன் என்று நினைக்காதே. எனக்கு என்மேல் இருக்கிற கோபம் வேறு, உன்மேல் இருக்கிற கோபம் வேறு.

மேலே உள்ளதை நேற்று, புதன்கிழமை, எழுதி முடித்தேன். இன்று காலை காலி வீதிக் கடையொன்றில் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்தேன். ஒன்றை றிஸ்வானாவிடம் கொடுத்தேன். மற்றதை எடுத்துக்கொண்டு கோட்டையில் இருக்கும் அலுவலகத்துக்குப் போனேன். மனேஜருக்குத் தமிழ் வாசிக்க வராது, பக்கம் பக்கமாக நானே சிங்களத்தில் சொன்னேன். நீ மறைத்ததையும், அந்த நாளில் நான் மறைத்ததையும், கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னேன். அவர் நடுவில் மறிக்காமல் கேட்டார், அந்த மட்டில் உன்னைவிடப் பரவாயில்லை. கேட்டுவிட்டு, அவர் சொன்னது நியாயம்தான். ஃபைலை எழுதியவளே வந்து என் ஃபைல் சரி என்று சொன்னால் அதை எப்படி எடுப்பது? பக்கத்தைப் பிறகு மாற்றி அச்சடித்திருக்கலாமே? அன்று என்ன அடிக்கப்பட்டது என்று மெஷினிலும் இல்லை. உன்னைத் தம்பி முறையில் மல்லி என்றுதான் சொன்னார். மல்லியே வந்து சொல்லட்டும், வராவிட்டால் றிஸ்வானாவை வைத்திருக்க வழியில்லை என்றார்.

இதை நான் முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். அப்பாவும் அப்படித்தான் சொன்னார், அவனுக்குப் பொறுமை இல்லை, மேலே போடு என்றார். போடமாட்டேன். உன் சூட்கேஸின் மேல், பாஸ்போட்டுக்கு அடியில் வைக்கிறேன். முதல் பத்தியைப் பார்த்து, அம்மா வழக்கம்போல ஏசுகிறாள் என்று மடித்து வைத்தாயானால், ஞாயிறு பிளேனில் வாசித்துக்கொள்.

விசாரணை நாளை காலை பத்து மணிக்கு, இரண்டாம் மாடியில். றிஸ்வானாவுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். எட்டு மணிக்கு வீட்டிலிருந்து இறங்குகிறேன். உன்னை எழுப்பமாட்டேன்.